வெர்மான்ட்டில் ஒரு தம்பி

சோன்ச்சி, சிலோயே தீவு, சிலி
மார்ச் 4, 2012

தம்பி பெலார்மினோவுக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பதறாதே. எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். எனக்கு வலது முட்டி மட்டும் தகராறு செய்கிறது, மற்றபடி சுகம். உன் இருமல் போனதா, ஒரு வேளையாவது சூடாகச் சாப்பிடுகிறாயா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். வேறு வழி எங்கே வைத்தாய்? உன் குடாவில் போனுக்கு சிக்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நாமெல்லாம் ரேடியோவில் கூடிப் பேசும் வட்டத்துக்கும் டிசம்பரில் கோடை தொடங்கியதிலிருந்து நீ வரவில்லை. வாராவாரம் மாத்தே தேநீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து உன் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். பதிலுக்கு இரைச்சல்தான் வருகிறது. என்மேல் கோபமா? யோசித்துப் பார்த்தேன். காரணங்கள் நிறையக் கிடைத்தன, ஆனால் எல்லாம் பழையவை.

நான் ஒரு புது வேலையில் இறங்கியிருக்கிறேன். சிரிக்காதே. என் வேனில் ஒரு ரேடியோ மாட்டியிருக்கிறேன். அது ஜி.பி.எஸ். கருவியிடம் கேட்டு, நான் எங்கே இருக்கிறேன் என்பதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை 144.390 அலைவரிசையில் தானாகவே அனுப்பிவிடும். மலைமேல் ரேடியோ கிளப்காரர்கள் வைத்த நிலையம் அதை வாங்கித் திருப்பி அனுப்பும். இணைய வரைபடத்தில் என் அழைப்புக்குறியோடு ஒரு சின்ன வண்டி நகரும். புகைபோட்ட சிப்பியை விற்றுக்கொண்டு நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று உலகமே பார்க்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி லாஞ்சுப் படகுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அக்கா
எர்சீரா


காலெட்டா தொனினாஸ்
மார்ச் 18, 2012

அக்காவுக்கு வணக்கம்.

உன் முட்டி நலமடையட்டும். எனக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, கோபமும் இல்லை. சாக்ஸ் வந்தது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. உன் கைவேலைதான் என்று தெரிந்துகொண்டேன்.

வட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டாய். அங்கே பேசுவது என்ன? ஒருவன் மூத்திரப்பையைப் பற்றி, இன்னொருவன் தக்காளிச் செடியைப் பற்றி. இருபது வருஷம் கலங்கரை விளக்கத்தில் தந்தியடித்தவன் நான். சைபீரியாவிலிருந்து ஒருவன் கொசு முனகுவது போல மோர்ஸ் அடித்தாலும் இடி மின்னலுக்கு நடுவே பெயரைப் பிரித்து எழுதியவன். தக்காளிக்காக ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக்கொள்ள எனக்கு என்ன தலையெழுத்து?

இப்போது உன் புது வேலை. வாசித்துவிட்டு அடுப்பை மூடினேன், சிரிப்பில் எங்காவது விழுந்துவிடப் போகிறேன் என்று. ரேடியோ என்பது இரண்டு மனிதர்கள் பேசுவது. மாட்டின் கழுத்தில் மணி கட்டிவிட்டு அதற்கு லைசென்ஸ் வாங்கியிருக்கிறாய். மாடு எங்கே மேய்கிறது என்று தெரியவேண்டியது மாட்டுக்காரனுக்கு. உன்னை யார் தேடுகிறார்கள்? கடன்காரனா, காதலனா? இந்த வயதில் இரண்டும் உனக்குக் கிடையாது.

சரியாகச் சிரிப்பதற்காக ஒன்று கேட்கிறேன். அந்த டப்பா அனுப்புவதை எதிர்ப்பக்கம் யாராவது காதால் கேட்டுப் பிரிக்க வேண்டுமா, அல்லது அதுவும் டப்பாவின் வேலைதானா?

மழைக்கு முன் விறகை உள்ளே எடுத்து வை. உனக்கு இதெல்லாம் சொல்லவேண்டியிருக்கிறது.

பெலார்மினோ


சோன்ச்சி
ஏப்ரல் 1, 2012

மகா தந்தியாளருக்கு அக்காவின் ஆசி.

நீ சாப்பிட்டாயா என்று கேட்கப் போவதில்லை. என்னைத் திட்டியே உன் வயிறு நிறைந்திருக்கும். என் முட்டி இப்போது பரவாயில்லை.

மாடு என்று சொன்னாய். சரி. கலங்கரை விளக்கத்தில் பத்து நாள் மேகத்துக்குள் உட்கார்ந்து சைபீரியாக்காரனின் பெயரையும் வானிலையையும் எழுதி வாங்கினாயே, அதனால் யாருடைய பசு கன்று போட்டது? என் மணியாவது நான் பள்ளத்தில் விழுந்தால் எங்கே விழுந்தேன் என்று சொல்லும்.

தொடங்கியபோது நானும் அசடு வழிந்தேன், மறைக்கவில்லை. வரைபடத்தில் எந்தப் படம் தெரியவேண்டும் என்று நாமே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டேன். ஒரு வாரம் முழுக்க என் சிப்பி வேன் ஆம்புலன்ஸாகத் தீவைச் சுற்றியது. இன்னொன்று, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அனுப்புவது என்பதில் பத்து விநாடி வைத்துவிட்டேன். கிளப் தலைவர் தோன் எலியூத்தேரியோ வீட்டுக்கே வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மரியாதையாகச் சொன்னார்: "செனோரா, அலைவரிசை முழுக்க நீங்க ஒருத்தரே இருக்கீங்க. மத்தவங்களும் கொஞ்சம் எங்கேயாவது இருக்கட்டுமே."

நீ கேட்டதற்குப் பதில்: யாரும் காதால் கேட்க வேண்டாம். கேட்டால் பன்றி ஏப்பம் விட்டது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கருவி பார்த்துக்கொள்ளும். இருப்பிடம் மட்டும் என்றில்லை, ஒரு வரி எழுதியும் அனுப்பலாம். எதிராளியின் திரையில் எழுத்தாகவே வரும். உன் மாதிரி வளவளக்க முடியாது, ஒரு வரிக்கு மேல் வாங்காது. அதுவே அதன் பெரிய சிறப்பு.

இதை ஏன் கேட்டாய்?

அக்கா


காலெட்டா தொனினாஸ்
மே 20, 2012

அக்காவுக்கு,

சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் தாமதம். வேலை இருந்தது.

சென்ற வாரம் மூடுபனியில் வலை இழுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கெயோன் துறையிலிருந்து வரும் பயணிக் கப்பல் என்மேல் ஏறாத குறை. அலையில் என் படகு பாதி நிரம்பிவிட்டது. அந்தக் கப்பல் தலைவன் கால்வரீனோ, கம்பியில் சாய்ந்துகொண்டு கையை ஆட்டி ஆட்டி வாயைத் திறந்து மூடினான். நல்ல வார்த்தையாக இருக்காது. சங்கு ஊதாமல் வந்தவனுக்கு அவ்வளவு வாய். இப்போதெல்லாம் கப்பல் ஓட்டத் திரையைப் பார்த்தால் போதும் என்று நினைக்கிற பயல்கள். அவன் உன்னிடம் வேறு மாதிரி சொன்னால் நம்பாதே.

அந்த மாட்டு மணி டப்பா பாட்டரியை எவ்வளவு குடிக்கும்? படகு பாட்டரி ஒரு பகல் தாங்குமா? கேட்பது கேலிக்குத்தான். விவரம் இருந்தால் கேலி நன்றாக வரும்.

பெலார்மினோ


சோன்ச்சி
ஜூன் 3, 2012

அன்புத் தம்பிக்கு,

படகு நிரம்பியதே, உடம்பு நனைந்ததா? நனைந்த துணியோடு நின்றிருப்பாய். இப்போது காய்ச்சல் இல்லையே? நான் நலம்.

சரக்குப் போடக் கெயோன் போனபோது கால்வரீனோவைப் பார்த்தேன். அவனாகவே வந்து பேசினான். என் கையைப் பிடித்துக்கொண்டான். "எர்சீராம்மா, ஊதி ஊதி எனக்கே காது அடைச்சுப் போச்சு. உங்க தம்பி முதுகைக் காட்டிக்கிட்டு வலையை இழுத்துக்கிட்டே இருக்காரு. திரும்பல. கடைசி நிமிஷத்துல நான்தான் கப்பலைத் திருப்பினேன்" என்றான்.

நான் அவனைப் பொய்யன் என்று சொன்னேன். அவன் மாலுமிகள் முன்னாலேயே சொன்னேன். அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. அதோடு விஷயம் முடிந்தது, நீ இதை நினைத்துக்கொண்டிருக்காதே.

இப்போது வேறு ஒன்று. நான் புது ரேடியோ வாங்கிவிட்டேன். பழையது சும்மா கிடக்கிறது. முகப்பில் எழுத்துத் திரை உள்ளது, வேலை செய்கிறது. அதை லாஞ்சில் அனுப்புகிறேன். உனக்கு நல்லது செய்கிறேன் என்று மயங்காதே. உன் குடாப் பக்கம் என் வரைபடம் ஒரே வெறுமை, பார்க்க அசிங்கமாக இருக்கிறது. அங்கே எனக்கு ஒரு கம்பம் வேண்டும். கம்பத்துக்கு மூளை தேவையில்லை, அதனால் உன்னைத் தேர்ந்தெடுத்தேன். ஜி.பி.எஸ். கருவி பழுதுபார்க்கப் போயிருக்கிறது, பிறகு வரும். அதுவரை உன் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைக் கையால் பதித்து வை. பகல் முழுக்கப் படகு பாட்டரி தாங்கும்.

திரையை அடிக்கடி பார்.

எர்சீரா


காலெட்டா தொனினாஸ்
ஜூன் 24, 2012

அக்காவுக்கு,

காய்ச்சல் இல்லை. உன் உருளைக்கிழங்கு மில்காவ் அடைப் பொட்டலம் உடையாமல் வந்தது. ரேடியோவும் வந்தது. என் பொருள்களில் உடையாமல் வருவதெல்லாம் நான் கேட்காதவை.

கால்வரீனோவிடம் எனக்காகச் சண்டை போட்டதாக எழுதியிருக்கிறாய். தேவையில்லாத வேலை.

உன் கம்பத்தை நட்டுவிட்டேன். கூரையில் ஆண்டெனா, சமையல் மேசையில் ரேடியோ. இதை உருவாக்கியவன் ஒரு வேலையை மூன்று பொத்தானுக்குள் ஒளித்துவைப்பதில் கெட்டிக்காரன். ஒரு மனிதனும் பேசாத ரேடியோ இது. சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்திருக்கிறேன், பன்றி ஏப்பத்தைக் கேட்டுக்கொண்டு யார் சாப்பிடுவது? வழியில் எத்தனை நிலையம் தாவ வேண்டும் என்று கேட்டது. ஏழு போட்டேன். போகிறதே போகட்டும், பொலிவியா வரை போகட்டும்.

அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. உன் வெறுமை நிரம்பியதா?

பெலார்மினோ


சோன்ச்சி
ஜூலை 1, 2012

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். நீ எங்கே சுகமாக இருக்கிறாய் என்பதுதான் கேள்வி. வரைபடத்தின்படி நீ அமெரிக்காவில், வெர்மான்ட் மாநிலத்தில், ஒரு மாட்டுப் பண்ணைக்கு நடுவில் இருக்கிறாய். மாட்டு மணியைப் பற்றிப் பேசியவனுக்குச் சரியான இடம்.

அட்சரேகையைப் பதித்தாயே, முடிவில் தெற்கு என்று மாற்றினாயா? அது முதலில் வடக்கு என்றுதான் நிற்கும். எண்களெல்லாம் சரி, அரைக்கோளம் மட்டும் தவறு. இருபது வருஷம் கப்பல்களுக்கு வழி சொன்ன மனிதர். அந்தக் காலத்துக் கப்பல்களெல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தனவா என்று இப்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஏழு தாவலும் அப்படித்தான். உன் ஒரே ஏப்பத்தை மலைக்கு மலை எல்லா நிலையமும் திருப்பித் திருப்பி விட்டுக்கொண்டிருக்கின்றன. கிளப்பில் எல்லோரும் என்னைப் பார்க்கிற பார்வை! தோன் எலியூத்தேரியோ, "அந்த வெர்மான்ட்காரர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு தாவல் போதும், தம்பி. உன் எதிரிலிருக்கும் மலைக்கு ஒன்று, அங்கிருந்து எங்கள் தீவுக்கு ஒன்று.

சரிசெய்துவிட்டு எனக்கு ஒரு வரி அனுப்பு. பதில் போடுகிறேன். பேச வேண்டாம், வட்டம் வேண்டாம், தக்காளி வேண்டாம். ஒரு வரி.

எர்சீரா


காலெட்டா தொனினாஸ்
ஜூலை 22, 2012

அக்காவுக்கு,

தெற்கு என்று மாற்றினேன். இரண்டு தாவல் வைத்தேன். உன் ஜி.பி.எஸ். கருவியும் வந்துவிட்டது. வெர்மான்ட்டில் வானிலை நன்றாக இருந்தது, உங்களைப் போன்றவர்கள் யாரும் அங்கே இல்லை.

சோதித்துப் பார்க்கத்தான் 'ஏய்' என்று அனுப்பினேன். உலைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து பார்க்கிறேன், திரையில் வந்து நிற்கிறது: 'முட்டாள், இப்போதான் சிலியில் இருக்கிறாய்.' அதை இன்னும் அழிக்கவில்லை. எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் நீ அனுப்பியதையெல்லாம் படித்தேன். முட்டி, பக்கத்து வீட்டு நாய், தோன் எலியூத்தேரியோவின் புதுத் தொப்பி. இதற்கா விண்வெளியில் செயற்கைக்கோள் விட்டார்கள்? ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் வந்தது. ஒரு எழுத்துகூட விடவில்லை.

ரேடியோவைப் படகில் மாற்றியிருக்கிறேன். கம்பம் இனிமேல் நகரும். உனக்குத்தான் குழப்பம்.

முட்டிக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு.

பெலார்மினோ


சோன்ச்சி
செப்டம்பர் 2, 2012

தம்பி பெலார்மினோ, புவெர்தோ சிஸ்னெஸ் மருத்துவமனை.

மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, குளிர் நெஞ்சில் இறங்கவில்லை என்று தாதி போனில் சொன்னாள். நீ அவளிடம் ரொட்டி கல்லாக இருக்கிறது என்று சண்டை போட்டதையும் சொன்னாள். பிழைத்துக்கொள்வாய் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அன்று என் பக்கம் நடந்தது உனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் கொஞ்சமாவது வெட்கப்படுவாய்.

மதியம் சிப்பிகளைப் புகையிலிருந்து எடுத்துவிட்டு வந்து திரையைப் பார்த்தேன். உன் படகு கால்வாய் நடுவே இருந்தது. ஒரு மனிதன் நடக்கிற வேகம், கிழக்கே. விறகு வெட்டப் போகிறேன் என்று காலையில் ஒரு வரி அனுப்பியவன் கிழக்கே எதற்குப் போகிறான்? அங்கே பாறை மட்டும்தான் இருக்கிறது. காற்றும் அன்று மேற்கிலிருந்துதான் அடித்தது. மோட்டார் நின்றுவிட்டதா என்று கேட்டேன். நீ 'மீன் பிடிக்கிறேன்' என்று பதில் போட்டாய். 'எந்த மீன் உன்னைப் பாறைக்கு இழுக்கிறது?' என்றேன். அதற்குப் பதில் இல்லை. அடுத்த இரண்டு புள்ளியும் கரைக்கு இன்னும் பக்கத்தில் வந்தன. பிறகுதான் உன் திருவாய் திறந்தது: 'மோட்டார் செத்தது. யாரிடமும் சொல்லாதே.'

நான் உடனே எல்லோரிடமும் சொன்னேன்.

துறைமுகத்துக் கடற்படை லெப்டினன்ட்டிடம் உன் இடத்தைப் படித்துச் சொன்னேன். படகை அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவர் மறுபடி போனில் வந்து, "அம்மா, அவசர அலைவரிசைல விடாம கூப்பிடறோம். அவர் ரேடியோ வெச்சிருக்காரா? பதிலே இல்லையே" என்றார். வைத்திருக்கிறான், கடல் ரேடியோ அவன் தலைக்கு மேலேதான் தொங்குகிறது என்றேன். அடுத்துக் கேட்டார்: "அவருக்குக் காது கேக்குமில்ல?"

"கேக்கும், திமிரு" என்றேன்.

அதன் பிறகு அவர் சொன்னதையெல்லாம் நான் எழுத்தாக்கி உனக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். நங்கூரத்தை இறக்கு. முழுக் கயிற்றையும் விடு. வடக்கே பார்த்து உட்கார், அந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். நங்கூரம் பிடிக்காமல் இழுத்துக்கொண்டு போனதையும் புள்ளியில் பார்த்தேன். அப்புறம் ஒரு புள்ளி, அதே இடத்தில் இன்னொரு புள்ளி, மறுபடி அதே இடம், நங்கூரம் பிடித்துவிட்டது. நான் சமையலறையில் நின்றுகொண்டு அழுதேன். உனக்காக இல்லை. முட்டி வலித்தது.

அக்டோபரில் வியாபாரம் குறைவு. உன்னிடம் வந்து இரண்டு வாரம் தங்குவதாக இருக்கிறேன். வேண்டாம் என்று எழுதினாலும் வருவேன்.

தாதி சொல்வதைக் கேள்.

அக்கா எர்சீரா


காலெட்டா தொனினாஸ்
செப்டம்பர் 23, 2012

அக்காவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள். கட்டு அடுத்த மாதம் பிரிப்பார்கள். உன் முட்டி எப்படி இருக்கிறது?

யாரிடமும் சொல்லாதே என்றால் எல்லோரிடமும் சொல்வாய் என்று எனக்குத் தெரியாதா? அறுபது வருஷமாக உன் தம்பி.

மோட்டார் நின்றபோது கழற்றப் பார்த்தேன், அலையில் மோட்டார் சக்கரம் திரும்பிக் கை மாட்டிக்கொண்டது. ஒற்றைக் கையால் நங்கூரத்தைத் தூக்கிப் போட்டேன். வடக்கே பார் என்று நீ எழுதியிராவிட்டால் அந்தக் கடற்படைப் பயல்கள் என் பின்னாலிருந்து வந்திருப்பார்கள், நான் பாறையையே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். வந்ததும் நாலு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். போர்வை போர்த்தினார்கள், முதுகைத் தட்டினார்கள், காதருகே வந்து கத்தினார்கள். எல்லாருக்கும் தலையை ஆட்டி வைத்தேன். மாலுமி என்ற பெயரில் இப்போது எதையெல்லாம் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று உனக்கு நேரில் சொல்கிறேன்.

லெப்டினன்ட் கேட்டதற்கு நீ சொன்ன பதிலைப் படித்தேன். பாதி சரி. திமிர் உண்டு.

கோடையில் ஒரு காலை மோர்ஸ் கேட்க உட்கார்ந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. ஆண்டெனா அறுந்துவிட்டது என்று நினைத்துக் கூரையில் ஏறிப் பார்த்தேன். ஆண்டெனா நன்றாகத்தான் இருந்தது. நீ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்தே அந்த ஞாயிறுகளில் ரேடியோவை அணைத்துவிட்டு வெளியே விறகு பிளந்தேன். கால்வரீனோவைப் பார்த்தால் நீயே அவனுக்கு நல்ல சிப்பியாக ஒரு பொட்டலம் கொடு. யார் கொடுத்தது என்று கேட்டால் என் பெயரைச் சொல், அவன் சங்கு ஊதியிருப்பான்.

அக்டோபரில் வா. லாஞ்சு வரும் நாளில் துறையில் நிற்பேன். வந்ததும் கத்தாதே, எல்லோரும் கத்துகிறார்கள், அதில் ஒன்றும் விளங்குவதில்லை. வெளிச்சத்தில் எனக்கு நேரே நின்று, முகத்தைப் பார்த்து மெதுவாகத் திட்டு.

தம்பி
பெலார்மினோ